ஆடிட்டர் ஆபீஸ் ஹார்ட் டிஸ்க்கை எதைக் கொண்டு பூட்டுவது?

கேள்வி சுருக்கமாக இது: மயிலாப்பூரில் சின்ன ஆடிட்டர் ஆபீஸ். விண்டோஸ் லேப்டாப் சில, உபுண்டு போட்ட ஒன்று, 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு, கூகுள் டிரைவ் கணக்கு ஒன்று. எல்லாவற்றிலும் கிளையண்ட்டுகளின் பான், ஆதார், வங்கி ஸ்டேட்மெண்ட், டாலி டேட்டா. ஒரு லேப்டாப்பை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும். காசு கொடுக்காமல், ஓபன் சோர்ஸில் (மூலநிரலை எவரும் பார்க்கக்கூடிய மென்பொருளில்), எதைப் போடலாம்? பாஸ்வேர்டு மறந்தால் கதி என்ன?

கடைசிக் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மறந்தால் போச்சு. கீழே வரும் எந்த மென்பொருளிலும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" என்ற பட்டன் கிடையாது. முன்கூட்டியே ரெகவரி கீ எடுத்து வைத்திருந்தால் மட்டும் சிலவற்றில் தப்பலாம். சின்ன ஆபீசில் நடக்கிற விபத்து பெரும்பாலும் திருடன் பூட்டை உடைப்பதல்ல. சாவியைத் தொலைத்துவிட்டு நாமே வெளியே நிற்பதுதான். அதனால் எந்த மென்பொருள் என்பதை விட, சாவி எங்கே இருக்கும், அதன் நகல் யாரிடம் இருக்கும் என்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

எதிலிருந்து காப்பாற்றும், எதிலிருந்து காப்பாற்றாது என்பதும் தெரிந்திருக்கட்டும். டிஸ்க் தொலைந்தால், திருடு போனால், கடைக்காரர் கையில் இருந்தால் என்கிரிப்ஷன் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டுவது) காப்பாற்றும். நீங்கள் திறந்து வைத்து வேலை பார்க்கும் நேரத்தில் வைரஸ் வந்தால் காப்பாற்றாது. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) உங்கள் பூட்டின் மேல் தன் பூட்டையும் போட்டுவிட்டுப் போகும். அதற்கு மருந்து பேக்கப் மட்டும்தான்.

உங்கள் ஆபீசுக்கு: வெளி டிஸ்க்குக்கும் கிளையண்ட் ஃபோல்டருக்கும் வெராகிரிப்ட். உபுண்டுவுக்கு லக்ஸ் (லினக்ஸிலேயே உள்ள டிஸ்க் பூட்டு). கூகுள் டிரைவுக்குக் கிரிப்டோமேட்டர். மெயிலில் அனுப்ப 7-ஜிப். கம்ப்யூட்டரில் நான்குமே இலவசம்.

வெராகிரிப்ட்டின் பூர்வீகம் ட்ரூகிரிப்ட். 2004-இல் வந்த அது, 2014 மே மாதம் திடீரென்று கடையை மூடியது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த மூலநிரலிலிருந்து பிரிந்து வந்தது வெராகிரிப்ட். 2016-இல் குவார்க்ஸ்லேப் என்ற பிரெஞ்சு நிறுவனம் அதைத் தணிக்கை செய்தது. கண்டுபிடித்த ஓட்டைகளில் முக்கியமானவை அடைக்கப்பட்டன. பழைய ட்ரூகிரிப்ட் பெட்டி (பல ஃபைல்களை உள்ளே பூட்டி வைக்கும் ஒரே ஃபைல்) ஏதாவது ஆபீசில் கிடந்தால் ஒரு எச்சரிக்கை: 2023-இல் வந்த 1.26.7 முதல் அதைத் திறக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். 1.25.9 பதிப்பில் திறந்து, உள்ளே இருப்பதைப் புதுப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டவுன்லோடு செய்யும்போது தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். இறக்கிய ஃபைலை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பக்கம் இருக்கிறதா, கையெழுத்து செல்லும் என்று சொல்கிறதா என்று பாருங்கள். டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனோடு தினமும் மல்லுக்கட்டும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி பெட்டி உருவாக்கும் விதம். வெராகிரிப்ட்டில் கிரியேட் வால்யூம் அழுத்தினால் முதல் தேர்வு "ஃபைல் கன்டெய்னர்". அதை எடுங்கள், அடுத்து ஸ்டாண்டர்டு. ஃபைல் எங்கே என்று கேட்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்: ஏற்கெனவே இருக்கும் ஃபைலைக் காட்டினால் அதை என்கிரிப்ட் செய்து தரும் என்று நினைக்கிறார்கள். செய்யாது; அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் காலிப் பெட்டியை வைக்கும். புதுப் பெயர் ஒன்றைக் கொடுங்கள். அல்காரிதம் ஏஇஎஸ், ஹாஷ் எஸ்ஹெச்ஏ-512, இரண்டும் முன்பே தேர்வாகி இருக்கும், மாற்ற வேண்டாம். ஏஇஎஸ்ஸோடு ட்வோஃபிஷ், சர்பென்ட் என்று மூன்றடுக்காகப் போடுவதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை, வேகம் மட்டும் குறையும். இன்றைய பிராசசர்களில் ஏஇஎஸ்ஸுக்கென்றே தனி கட்டளைகள் இருப்பதால் தினசரி வேலையில் வித்தியாசமே தெரியாது.

அளவு: கிளையண்ட் டேட்டா இப்போது 60 ஜிபி என்றால் 150 போடுங்கள், பிறகு பெரிதாக்குவது முடியும் என்றாலும் தொல்லை. பாஸ்வேர்டு 20 எழுத்துக்குக் குறையாமல். பிஐஎம் என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக இருந்தால் பாஸ்வேர்டை 5 லட்சம் முறை சுற்றியடித்துத்தான் சாவி தயாராகும். திறக்கும்போது ஓரிரு நொடி தாமதம் அதனால்தான். 4 ஜிபிக்கு மேல் ஃபைல் வருமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லி, விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், உபுண்டுவிலும் திறக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். பெட்டியை வைக்கப்போகும் டிஸ்க்கே பழைய ஃபேட்32-வாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் பெட்டியே உருவாகாது. பென் டிரைவ்களில் இது அடிக்கடி நடக்கும். கடைசிப் பக்கத்தில் கீழே உள்ள பட்டை நிறையும்வரை மவுஸை அங்குமிங்கும் ஆட்டிவிட்டு ஃபார்மட் அழுத்துங்கள்.

பிறகு தினமும்: முதன்மைத் திரையில் எம் என்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்து, செலக்ட் ஃபைல், மவுண்ட் (பெட்டியைத் திறந்து டிரைவாக ஏற்றுவது). எம் டிரைவ் சாதாரண டிரைவ் போலத் தெரியும். டாலியின் டேட்டா பாதையை அதற்கு மாற்றிவிடுங்கள். எம் டிரைவை ஏற்றாமல் டாலியைத் திறந்தால் கம்பெனி பட்டியலில் எதுவும் வராது. புது ஊழியர் பதறிப்போய் எல்லாம் அழிந்துவிட்டது என்று ஃபோன் போடுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரே பெட்டியை நெட்வொர்க் வழியாக இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் எழுதும் நிலையில் ஏற்றக் கூடாது, உள்ளே இருக்கும் ஃபைல் அமைப்பே குழம்பிப்போகும். ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த எம் டிரைவை மற்றவர்களுக்கு ஷேர் செய்யுங்கள்.

வெளி டிஸ்க் முழுவதையும் பூட்டலாமா, அதற்குள் பெட்டி வைக்கலாமா? முழு பார்ட்டிஷனையும் (டிஸ்க்கில் பிரித்த பகுதியையும்) பூட்டினால் விண்டோஸ் கண்ணுக்கு அது ஃபார்மட் செய்யாத டிஸ்க். செருகிய உடனே "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு செய்தி எழும்பும், அதில் ஃபார்மட் பட்டன் பளிச்சென்று இருக்கும். ஆபீஸ் பையனோ வீட்டில் யாரோ அதை அழுத்தினால் அவ்வளவுதான். டிஸ்க் மேனேஜ்மெண்டில் அந்த பார்ட்டிஷனின் டிரைவ் எழுத்தை நீக்கினால் அந்தக் கேள்வி வராது, ஆனால் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும். பல கைகள் தொடும் ஆபீசுக்கு ஃபைல் பெட்டியே மேல் என்பேன். உங்கள் கையில் மட்டுமே புழங்கும் பேக்கப் டிஸ்க் என்றால் பார்ட்டிஷனைப் பூட்டுங்கள். முழுவதும் ரேண்டம் தகவலால் நிரப்பி உருவாக்க, நொடிக்கு 100 எம்பி எழுதும் யுஎஸ்பி 3 டிஸ்க்கில் 2 டெராபைட்டுக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். தவறிப்போய் யுஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் ஒரு நாள் பொழுது ஓடிவிடும். லேப்டாப்பின் பேட்டரி படுத்திருந்தால் யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். டேட்டா இருக்கும் பார்ட்டிஷனை அப்படியே பூட்டும் வசதியும் விண்டோஸில் உண்டு. வேறு இடத்தில் நகல் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஒரு செக்டர் (டிஸ்க்கின் சின்னத் துண்டு) கெட்டால் மொத்தமும் போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. வெராகிரிப்ட் பயன்படுத்தும் எக்ஸ்டிஎஸ் முறையில் ஒவ்வொரு செக்டரும் தனித்தனியாகப் பூட்டப்படுகிறது. கெட்ட இடத்தில் இருந்த ஃபைல் மட்டும்தான் அடிபடும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ஹெடர். வால்யூமின் (பூட்டிய பெட்டி அல்லது பார்ட்டிஷனின்) தொடக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில்தான் உண்மையான சாவி, உங்கள் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டு, உட்கார்ந்திருக்கிறது. அது அழிந்தால் சரியான பாஸ்வேர்டும் வேலைக்காகாது. வெராகிரிப்ட் அதன் நகல் ஒன்றை வால்யூமின் கடைசியிலும் வைக்கிறது. அது போதாது, டூல்ஸ் மெனுவில் பேக்கப் வால்யூம் ஹெடர் கொடுத்து வேறொரு பென் டிரைவில் ஒரு நகல் எடுங்கள். சில நொடி வேலை.

பெட்டி திறக்காதபோது வரும் செய்தி ஒன்றேதான்: பாஸ்வேர்டு தவறு, அல்லது இது வெராகிரிப்ட் வால்யூம் இல்லை என்று. பாஸ்வேர்டு தப்பா, பிஐஎம் தப்பா, ஹெடர் கெட்டதா என்று அதற்கே தெரியாது, தெரியவும் கூடாது. அதனால் வரிசையாகப் பாருங்கள். கேப்ஸ் லாக், கீபோர்டு தமிழில் நிற்கிறதா, டிஸ்ப்ளே பாஸ்வேர்டு டிக் செய்து கண்ணால் ஒருமுறை, பிஐஎம் கட்டம் காலியா. இத்தனைக்கும் பிறகும் திறக்கவில்லை என்றால் மவுண்ட் ஆப்ஷன்ஸில் "உள்ளே இருக்கும் பேக்கப் ஹெடரைப் பயன்படுத்து" என்பதை டிக் செய்து முயலுங்கள். அதில் திறந்தால் முன்பக்க ஹெடர்தான் கெட்டிருக்கிறது. உடனே டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, பிறகு ஹெடரை ரெஸ்டோர் பண்ணுங்கள்.

ஹெடரில் இன்னொரு நுணுக்கம், பலர் கவனிக்காதது. பாஸ்வேர்டை மாற்றினால் உள்ளே இருக்கும் உண்மையான சாவி மாறாது, அதன் மேலுறை மட்டுமே மாறும். பழைய ஹெடர் நகலும் பழைய பாஸ்வேர்டும் ஒருவரிடம் இருந்தால் அவர் இன்றைய பெட்டியையும் திறப்பார். வேலையை விட்டுப் போனவருக்குப் பாஸ்வேர்டு தெரியும், பெட்டியை நகலெடுக்கும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது என்றால், பாஸ்வேர்டு மாற்றம் போதாது. புதுப் பெட்டி உருவாக்கி டேட்டாவை அதற்கு மாற்றுங்கள். லக்ஸிலும் இதே கதைதான்.

பெட்டிக்குள் வைத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைத்தால் அங்கேயும் கசிவு உண்டு. எக்செல் தன் ஆட்டோ ரெகவர் நகலை சி டிரைவில் உங்கள் பயனர் ஃபோல்டரில் வைக்கும். ஜிப்புக்குள்ளிருந்து இரட்டை கிளிக்கில் திறந்த பிடிஎஃப் டெம்ப் ஃபோல்டரில் ஒரு நகல் விடும். ஹைபர்னேட் செய்தால் மெமரியில் இருப்பதெல்லாம், சாவி உட்பட, டிஸ்க்கில் எழுதப்படலாம். ஆகவே ஹைபர்னேட்டையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள். முழுத் தீர்வு வேண்டுமானால் சி டிரைவையும் பூட்ட வேண்டும். வெராகிரிப்ட்டின் சிஸ்டம் என்கிரிப்ஷன் அதைச் செய்யும்: ஆரம்பத்திலேயே ரெஸ்க்யூ டிஸ்க் ஒன்றை உருவாக்கச் சொல்லும், யுஇஎஃப்ஐ (புது வகை பூட் முறை) லேப்டாப்பில் அது ஒரு ஜிப் ஃபைல், ஃபேட்32 பென் டிரைவில் பிரித்து வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று சோதித்த பிறகே பூட்டத் தொடங்கும். அதற்கு முன், புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஓடினால் அதை அணைத்து, டிகிரிப்ட் முழுசாக முடியும்வரை காத்திருங்கள்.

கொள்கை பார்க்காமல் சொல்வதானால், விண்டோஸின் சி டிரைவுக்கு மட்டும் மூலநிரல் மூடிய, மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பூட்டான பிட்லாக்கரே குறைந்த தலைவலி. விண்டோஸின் பெரிய அப்டேட்டுகள் வரும்போது வெராகிரிப்ட்டின் பூட் லோடரை (கம்ப்யூட்டரைத் தொடங்கும் நிரலை) ஓரங்கட்டிவிடும் வாய்ப்பு உண்டு, அப்போது அந்த ரெஸ்க்யூ பென் டிரைவ் கையில் இல்லையென்றால் திண்டாட்டம். பிட்லாக்கர் வைத்துக்கொண்டால் 48 இலக்க ரெகவரி கீயை அச்செடுத்து வையுங்கள். மதர்போர்டு மாற்றினால் அதைத்தான் கேட்கும். எஸ்எஸ்டியே தன்னைப் பூட்டிக்கொள்ளும் என்று அட்டைப்பெட்டி மேல் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில க்ரூஷியல், சாம்சங் எஸ்எஸ்டிகளின் உள்பூட்டைப் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட்டும் அந்த உள்பூட்டை நம்புவதை நிறுத்தி, மென்பொருள் பூட்டுக்கே மாறியது.

இப்போது ரிச்சி ஸ்ட்ரீட். எந்தக் கடையாக இருந்தாலும் டெஸ்ட் பண்ண விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்பார்கள், சீட்டில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டியும் வைப்பார்கள். சி டிரைவைப் பூட்டியிருந்தாலும் பாஸ்வேர்டைக் கொடுத்த கணத்தில் அந்தப் பூட்டுக்கு அர்த்தம் இல்லை. கீபோர்டு, டிஸ்ப்ளே, ஹிஞ்ச், சார்ஜிங் துளை இவற்றைச் சரிசெய்ய டிஸ்க் தேவையே இல்லை. பல லேப்டாப்களில் எம்.2 எஸ்எஸ்டி ஒரே ஒரு திருகில் நிற்கும். கடை கவுண்டரிலேயே கழற்றி வாங்கிப் பர்சில் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் பூட் செய்து சோதித்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டி மதர்போர்டோடு பற்றவைத்த மாடல் என்றால், கிளையண்ட் பெட்டியை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பை ஸ்லீப்பில் விடாமல் முழுசாக ஷட் டவுன் செய்து கொடுங்கள். ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப்பில் சாவி மெமரியிலேயே இருக்கும்.

கூகுள் டிரைவில் வெராகிரிப்ட் பெட்டியைப் போட நினைத்தால் வேண்டாம். உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் 150 ஜிபி பெட்டி முழுவதும் ஒரே ஃபைல். முழுவதையும் மறுபடி அப்லோடு செய்யத் தொடங்கலாம். அதைவிட மோசம், கன்டெய்னரின் மாற்றத் தேதியை மாற்றாமல் வைப்பதுதான் வெராகிரிப்ட்டின் இயல்பான அமைப்பு. எதுவும் மாறவில்லை என்று சிங்க் மென்பொருள் நினைத்துக்கொண்டு அப்லோடு செய்யாமலே இருந்துவிடலாம். பேக்கப் இருக்கிறது என்று நீங்கள் மூன்று மாதம் நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

அங்கே கிரிப்டோமேட்டர். ஜெர்மனியில் உருவானது, ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகப் பூட்டுகிறது, பெயரையும் சேர்த்து. ஒரு எக்செல் மாறினால் அந்த ஒன்று மட்டும் ஏறும். ஃபைல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அளவும் வெளியே தெரியும் என்பது அதன் குறை. ஆடிட்டர் ஆபீசுக்கு அது பெரிய விஷயமல்ல. வால்ட் (கிரிப்டோமேட்டரின் பூட்டிய ஃபோல்டர்) உருவாக்கும்போது ரெகவரி கீ வேண்டுமா என்று கேட்கும். ஆமாம் சொல்லி, வரும் சொல்வரிசையை அச்செடுங்கள். வால்ட்டில் மாஸ்டர்கீ என்று தொடங்கும் ஃபைலை யாராவது குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் அந்தச் சொல்வரிசைதான் கைகொடுக்கும். கூகுள் டிரைவ் மென்பொருளில் ஸ்ட்ரீம் என்பதை மிரர் (கம்ப்யூட்டரிலும் நகல் வைப்பது) என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் இணையத்துக்காகக் காத்திருக்கும். ஃபோன் ஆப்பை முழுசாகப் பயன்படுத்தக் காசு கட்ட வேண்டும்.

மெயிலில் அனுப்ப 7-ஜிப் போதும். ஃபார்மட் 7இஸட் என்று வைத்து, என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் உள்ளே யார் யார் பேரில் ஃபைல் என்பது பாஸ்வேர்டு இல்லாமலே தெரியும். எதிரில் இருப்பவருக்கு ஜிப் ஃபைல்தான் வேண்டுமென்றால், முறை என்ற இடத்தில் ஜிப்கிரிப்டோவை ஏஇஎஸ்-256 என்று மாற்ற மறக்காதீர்கள். ஜிப்கிரிப்டோவை உடைக்கும் வழி 1994-லேயே வெளியானது. பாஸ்வேர்டை ஃபோனில் சொல்லுங்கள், அதே மெயிலில் எழுதாதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் என்று இ-ஆதாரில் வைப்பது போல நீங்களும் வைத்தால், அந்தக் கிளையண்ட்டைத் தெரிந்த எவரும் திறப்பார்.

உபுண்டுவில் முழு டிஸ்க்கையும் பூட்டுவது இன்ஸ்டால் செய்யும்போது ஒரு டிக். பிறகு செய்வது சிரமம்; பேக்கப் எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதே எளிது. லக்ஸின் இரண்டாம் பதிப்பில் 32 சாவித் துளைகள் உண்டு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுக்கலாம். லக்ஸில் பூட்டிய வெளி டிஸ்க்கை விண்டோஸ் படிக்காது. இரண்டிலும் வேண்டியதற்கு வெராகிரிப்ட்.

பாஸ்வேர்டை நீங்களே யோசிக்க வேண்டாம். பாட்டு வரியும் குலதெய்வத்தின் பெயரும் உடைப்பவர்களின் பட்டியலில் முன்வரிசையில் இருக்கும். பகடை உருட்டிச் சொல் எடுக்கும் டைஸ்வேர் பட்டியலில் 7,776 சொற்கள். ஐந்து பகடைகளை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். ஆறு சொல் எடுங்கள், சுமார் 77 பிட் பலம் (2-ஐ 77 முறை பெருக்கிய அளவு சாத்தியங்கள்). தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைப்பதானால் எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதுங்கள்: "ழ"வுக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். தமிழ் எழுத்திலேயே வைப்பது இன்னும் ஆபத்து. "கொ"வில் வரும் கொம்பையும் காலையும் ஒரு கீபோர்டு ஒரே குறியீடாகவும் இன்னொன்று இரண்டாகவும் அனுப்பலாம்; கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. பூட் திரையில் தமிழ் கீபோர்டே வராது.

பாஸ்வேர்டு, ரெகவரி சொல்வரிசை, எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு, எல்லாம் ஒரு தாளில். இரண்டு நகல், அரக்கு வைத்த உறையில், ஒன்று வங்கி லாக்கரில், ஒன்று பார்ட்னர் வீட்டில். ஹெடர் நகல் உள்ள பென் டிரைவ் அந்த உறையில் வேண்டாம், தனியாக இருக்கட்டும். சட்டமும் தெரிந்திருக்கட்டும்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் அரசு முறைப்படி உத்தரவிட்டால் திறந்து காட்ட உதவ வேண்டும், மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய்.

இரண்டு வெளி டிஸ்க்கையும் ஒரே ஆபீஸ் அலமாரியில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று சென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று வேறொரு பேட்டையில் மாடியில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை மாற்றி எடுத்து, எடுத்ததை நிஜமாகவே வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டு ஃபைலைத் திறந்து பாருங்கள்.

மிச்சம் ஒன்று: பெட்டிக்குள் நகலெடுத்த பிறகு வெளியே டெலீட் செய்த பழைய ஃபைல்கள் இன்னும் மீட்கும் நிலையில்தான் இருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸிலேயே உள்ள சைஃபர் கட்டளையை டபிள்யூ என்ற சேர்ப்போடு கொடுத்தால் காலி இடத்தை மேலெழுதும். எஸ்எஸ்டியில் அது நம்பத்தக்கதல்ல. எந்த செல்லில் எழுதுவது என்பதை டிஸ்க்கே தீர்மானிக்கிறது. ஆகவே புது எஸ்எஸ்டி வாங்கினால் முதல் ஃபைலை வைக்கும் முன்பே பூட்டுங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள்.